ஹாலிபர்ட்டன் கருத்துக்கணிப்பு: பெரும்பான்மை அல்ல, 14.4 சதவீதம்

அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்பிஏவில் ஆடும் இண்டியானா பேசர்ஸ் அணியின் பாயிண்ட் கார்டு (ஆட்டத்தை வழிநடத்தும் வீரர்) டைரீஸ் ஹாலிபர்ட்டனை "என்பிஏ வீரர்களில் பெரும்பாலானோரே அளவுக்கு மீறிப் புகழப்படுபவர் என்று சொல்லிவிட்டார்கள்" என்ற கருத்து இணையத்தில் திரும்பத் திரும்ப வருகிறது. இதில் ஒரு சிறு திருத்தம்.

2025 ஏப்ரலில் தி அத்லெடிக் என்ற விளையாட்டுச் செய்தித் தளம் என்பிஏ வீரர்களிடம் எடுத்து வெளியிட்ட கணிப்பில், "அளவுக்கு மீறிப் புகழப்படும் வீரர் யார்" என்ற கேள்விக்கு முதலிடத்தில் வந்தது அவர் பெயர்தான், அதில் மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் அவருக்கு விழுந்தது 14.4 சதவீத வாக்கு. அந்தக் கேள்விக்குப் பதில் சொன்ன 90 பேரில் 13 பேர். மற்ற 77 பேரும் வேறு பெயர்களைச் சொன்னார்கள். வாக்குகள் பலரிடம் சிதறும்போது சிறிய எண்ணிக்கையே முதலிடத்துக்குப் போதும். முதலிடம் வேறு, பெரும்பான்மை வேறு.

சரிபார்ப்பது எளிது. பகிரப்படும் படத்தில் தலைப்பு மட்டும்தான் இருக்கும். மூலக் கட்டுரைக்குப் போய், அந்தக் கேள்விக்குக் கீழே உள்ள சதவீதத்தையும் எத்தனை பேர் பதிலளித்தார்கள் என்பதையும் பாருங்கள். 13ஐ 90ஆல் வகுத்தால் கணக்கு சரியாக வரும். வாக்களித்தவர்களின் பெயர்கள் வெளியிடப்படவில்லை என்பதையும் கவனியுங்கள். "இன்னார் சொன்னார்" என்று யாராவது எழுதினால் அதற்கு அந்தக் கணிப்பில் ஆதாரம் கிடையாது.

அவர் ஆட்டம் எனக்குப் பிடிக்கும், அதை மறைக்கவில்லை. இரண்டே மாதத்தில், என்பிஏ இறுதித் தொடரின் முதல் ஆட்டத்தில் 0.3 வினாடி மிச்சமிருக்கையில் அவர் போட்ட கூடைதான் 111-110 என்று வெற்றியைத் தந்தது. பிடிக்காதவர்கள் தாராளமாக வாதாடலாம், அந்த 13ஐ 13 ஆகவே சொல்லி.