கரண்ட் போன சி.ஆர்.சி.

நேற்று குறுவள மையக் கூட்டம். பள்ளிக்கூட வேலையில் இல்லாதவர்களுக்காகச் சொல்கிறேன்: சுற்றுவட்டாரப் பள்ளி ஆசிரியர்கள் ஒரு சனிக்கிழமை ஒரே இடத்தில் கூடுவோம். சி.ஆர்.சி. என்போம். கையெழுத்து, பிபிடி (திரையில் ஓட்டும் பவர்பாயின்ட்), டீ, மறுபடி பிபிடி. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு யார் பேசினாலும் யார் காதிலும் ஏறாது. இத்தனை வருஷத்தில் நான் உருப்படியாகக் கற்றதில் பாதி அந்த டீ நேரத்தில் கற்றதுதான்.

மூன்று வருஷத்துக்கு முன் ஒரு கூட்டத்தில் கரண்ட் போய்விட்டது. புரொஜெக்டர் படுத்துவிட்டது. திருத்துவதற்காக நோட்டுக்கட்டைத் தூக்கி வந்திருந்த ஒரு டீச்சர், "இதப் பாருங்க, பாதிப் பிள்ளைங்க இப்படித்தான் போட்டிருக்கு" என்று ஒரு கணக்கைக் காட்டினார். 403-இல் 178 போனால் 375.

"என் கிளாஸ்லயும் இதே 375தான் சார்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். அப்புறம் இன்னொன்று. நாலைந்து பள்ளிகளில் பிள்ளைகள் பேசி வைத்தாற்போல ஒரே தப்பு! கவனக்குறைவு என்றால் ஆளுக்கொரு விடை அல்லவா வர வேண்டும்? உற்றுப் பார்த்தால் புரிந்தது. எந்த இலக்கம் மேலே, எது கீழே என்றே பார்க்காமல் பெரியதிலிருந்து சின்னதைக் கழித்திருக்கிறார்கள். 8-இல் 3 போனால் 5, 7-இல் 0 போனால் 7. இரண்டாம் வகுப்பு எடுக்கும் ஒரு டீச்சர்தான் தயங்கியபடி சொன்னார்: "பெரிசுலேருந்துதான் சின்னதைக் கழிக்கணும்னு நான்தானே சொல்லிக் கொடுக்குறேன்..."

ஈராசிரியர் பள்ளி சார் ஒருவர் தன் வழியைச் சொன்னார். நான்கு நூறு ரூபாய் விளையாட்டு நோட்டு, மூன்று ஒரு ரூபாய்க் காசு. கடையில் சரியாக 178 ரூபாய் எடுத்துக் கொடுக்க வேண்டும். பிள்ளையே சில்லறை மாற்றப் போகும். ஒரு நூறு பத்துப் பத்தாகும், அதில் ஒரு பத்து பத்துக் காசாகும். 'பக்கத்து வீட்டில் கடன் வாங்கு' என்று நாம் சொல்லும்போது பக்கத்து வீட்டில் 0 இருந்தால் பிள்ளை என்னதான் செய்யும்?

ஆசிரியர்கள் இப்படிச் சேர்ந்து உட்கார்ந்து பாடத்தை அலசுவதை ஜப்பானில் வழக்கமாகவே வைத்திருக்கிறார்கள், நூறு வருஷத்துக்கும் மேலாக. ஜுகியோ கென்கியூ என்று பெயர், பாட ஆய்வு எனலாம். சேர்ந்து ஒரு பாடத்தைத் திட்டமிடுவார்கள். ஒருவர் நடத்த, மற்றவர்கள் பிள்ளைகளைக் கவனிப்பார்கள். பிறகு உட்கார்ந்து அலசுவார்கள். கழித்தலை எந்த எண்ணில் தொடங்குவது என்பதற்கே பெரிய விவாதம் நடக்கும். 13−9 என்றால் பத்திலிருந்து 9-ஐ எடுத்து, மிச்சம் 1-ஐ மூன்றோடு சேர்க்கத் தோன்றும். 12−3 என்றால் முதலில் 2, பிறகு 1 என்று எடுக்கத் தோன்றும். எண்ணை மாற்றினால் பிள்ளை யோசிக்கும் பாதையே மாறிவிடுகிறது.

நம் ஊருக்கும் இது புதுசில்லை. உயர்நிலைப் பள்ளியோடு சுற்றியுள்ள தொடக்கப் பள்ளிகளை இணைத்துப் பள்ளி வளாகமாக்கச் சொன்னது 1964-66 கோத்தாரி கல்விக் குழு.

நம் கூட்டங்கள் பிபிடியோடு முடிவதற்கு மேலிடத்தை மட்டும் குறை சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. வகுப்புக்குள் இன்னொரு ஆசிரியர் நுழைந்தாலே இன்ஸ்பெக்‌ஷன் என்று நடுங்குகிறவர்கள்தானே நாம். போன வருஷம் தைரியத்தை வரவழைத்துப் பக்கத்து வகுப்பு டீச்சரை என் வகுப்பில் உட்காரச் சொன்னேன். யார் யார் பதில் சொல்கிறார்கள் என்று மட்டும் குறித்தார். என் வகுப்பு கலகலப்பானது என்று எனக்கு ஒரு பெருமை உண்டு. சீட்டில் நான்கே பெயர்கள், நாலும் முன்பெஞ்சு.

இதற்கு அரசாணை வேண்டாம், புது செயலி வேண்டவே வேண்டாம் (போட்டோ எடுத்து ஏற்றச் சொன்னால் அன்றோடு செத்துவிடும்). பிபிடி இல்லாத ஒரு மணி நேரம் போதும். ஈராசிரியர் பள்ளிக்காரர்களுக்கு சி.ஆர்.சி.யை விட்டால் வேறு இடமே இல்லை. ஒருவர் வெளியே போனால் மற்றவர் தலையில் ஐந்து வகுப்பும் விழும்.

அடுத்த கூட்டத்துக்கு நாங்கள் ஐந்து பேர் நாலாம் வகுப்பு வகுத்தல் நோட்டுகளை எடுத்து வருவதாகப் பேசியிருக்கிறோம். கடைசி வரிசையில்தான் இருப்போம். பயிற்றுநர் நண்பர் யாராவது இதைப் படித்தால், கண்டும் காணாமல் விட்டுவிடுங்கள்.