ஐந்தாண்டுப் பணி அரைகுறைப் பணி அன்று

நான் பயின்ற பரங்கிமலை ராணுவ அதிகாரிகள் பயிற்சி அகாதெமிக்குப் போய் எடுத்துக்கொண்ட புகைப்படத்தை முன்வைத்து ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் என்ன பேசப்பட்டது என்பது இங்குள்ள பலருக்கும் தெரியும். "ராணுவத்தில் ஐந்து வருடம் இருந்துவிட்டு வந்தவருக்கு இவ்வளவு உருக்கம் எதற்கு?" என்று கேட்டவரின் பெயரை நான் எழுதப்போவதில்லை. ஆனால் அந்தக் கேள்வியை அப்படியே விட்டுவிட என் மனம் ஒப்பவில்லை.

1962 சீனப் போரின்போது இளநிலை அதிகாரிகள் போதவில்லை என்பதால்தான் 1963இல் பரங்கிமலையில் அந்தப் பயிற்சிப் பள்ளி தொடங்கப்பட்டது. 1988இல் அது அகாதெமி ஆயிற்று. குறுகிய காலப் பணிக்கு அதிகாரிகளை உருவாக்குவதே அதன் முதன்மையான வேலை. எங்களிடம் நாடு கேட்டது ஐந்தாண்டு. கேட்டதைக் குறையில்லாமல் கொடுத்தோம். இதில் அரைகுறை எங்கே வந்தது?

முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு அகாதெமியின் 'பரமேஸ்வரன் அணிவகுப்புத் திடல்' ஓரத்தில் நான் நின்றபோது, முதல் வாரம்தான் நினைவுக்கு வந்தது. உஸ்தாதின், அதாவது பயிற்றுநரின், கட்டளைகள் எல்லாம் இந்தியில் இருக்கும். விருதுநகரிலிருந்து போன நான், 'பீச்சே முட்' (பின்னால் திரும்பு) என்றால் எந்தப் பக்கம் திரும்புவது என்று புரியாமல், பக்கத்தில் நின்றவனின் தோளைப் பார்த்தே திரும்பினேன். தவறிய ஒவ்வொரு முறையும் 'ரகடா' என்னும் தண்டனை உண்டு; முழங்கை தோல் உரிய உருண்டிருக்கிறேன். என் பணிக்காலம் ஐந்தாண்டு என்பதற்காக அந்தத் தரை எனக்குச் சற்று மென்மையாக இருந்துவிடவில்லை.

நிரந்தரப் பணிக்குப் போயிருக்கலாமே என்பார்கள். அப்பா படுத்த படுக்கையான வீட்டின் மூத்த மகனிடம் அதைக் கேட்கக் கூடாது. முப்பது ஆண்டுகள் எல்லைகளில் கழித்தவர்களுக்கு நிகராக என்னை நிறுத்திக்கொள்கிறேனா என்றால், இல்லை. அவர்கள் என்னைவிடப் பெரியவர்கள். ஆனால் ஒருவரைப் பெரியவர் என்று சொல்வதற்கு இன்னொருவரை ஒன்றுமில்லாதவர் ஆக்க வேண்டுமா?

ஆண்டுக் கணக்குதான் அளவுகோல் என்றால் இதையும் கேளுங்கள். மேஜர் முகுந்த் வரதராஜன் 2006இல் இதே பரங்கிமலையிலிருந்து அதிகாரியாக வெளியேறியவர். 2014 ஏப்ரல் 25 அன்று காஷ்மீரின் ஷோபியானில் உயிர்நீத்தபோது அவருக்கு வயது 31; அதிகாரியாகி எட்டாண்டுகளே ஆகியிருந்தன. அந்த எட்டைச் சிறிய எண் என்று சொல்ல யாருக்காவது நா எழுமா? திடலுக்குப் பெயர் தந்த மேஜர் ராமசாமி பரமேஸ்வரனும் இங்கே பயின்றவரே. 1987இல் இலங்கையில் உயிர்நீத்து, நாட்டின் மிக உயர்ந்த போர்க்கால வீர விருதான பரம்வீர் சக்கரம் பெற்றவர். அவர்களின் தியாகத்தை எனக்குப் போர்த்திக்கொள்ளவில்லை. பணியை நாள்காட்டியை வைத்து அளக்காதீர்கள் என்று மட்டுமே சொல்கிறேன்.

உண்மையில் என்னை வருத்தியது இவை எதுவுமில்லை. 1995இல் அணிவகுப்பு முடிந்ததும், ரயிலில் இரவெல்லாம் உட்கார்ந்தே வந்திருந்த அம்மா, புதிய அதிகாரிக்கான அந்த ஒற்றை நட்சத்திரத்தை என் தோளில் பொருத்தத் தெரியாமல் விரலில் ஊசி குத்திக்கொண்டார். உஸ்தாத்தான் உதவினார். புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரியா இருக்காப்பா?" என்று அம்மா கேட்டார். அம்மா இப்போது இல்லை.

நீங்கள் கேலி செய்த படத்தில் என் இடப்பக்கம் சற்று இடைவெளி இருக்கும். அன்று அம்மா நின்ற இடம் அது. அந்தப் படத்தை நான் நீக்கப்போவதில்லை.