பத்மா லட்சுமியைப் பிடிக்கும் என்று சொன்னதற்கா இவ்வளவு?

நேற்று பத்மா லட்சுமி படத்தைப் போட்டு, எனக்கு ரொம்பப் பிடித்த தொகுப்பாளர் என்று ஒரே ஒரு வரி எழுதினேன். அதன் கீழே வந்து விழுந்ததையெல்லாம் நீங்களும் பார்த்திருப்பீர்கள். "நல்லா டிரெஸ் பண்ணிக்கிட்டு வந்து ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போறது ஒரு வேலையா?" என்பது ஒரு ரகம். "எழுத்தாளர் சல்மான் ருஷ்டியோட முன்னாள் மனைவிதானே?" என்பது இன்னொரு ரகம். இரண்டாவதற்குப் பதில் சொல்வதாக இல்லை.

முதல் கேள்விக்கு வருகிறேன். அது வேலைதான். அமெரிக்க டிவி சமையல் போட்டியான 'டாப் செஃப்' நிகழ்ச்சிக்குத் தொகுப்பாளராக 2006இல், 2ஆவது சீசனில் வந்தவர், 2023இல் 20ஆவது சீசன் வரை நின்றார். முகத்தை மட்டும் பார்த்து யாரும் ஒருவரை இத்தனை வருடம் வைத்திருக்க மாட்டார்கள். எதிரே நிற்பவர்களும் கத்துக்குட்டிகள் இல்லை, தொழில்முறை செஃப்கள். அவர்கள் தட்டிலிருந்து எடுத்துச் சாப்பிட வேண்டும், கேள்வி கேட்க வேண்டும். கடைசியில் ஒருவர் கண்ணைப் பார்த்து, கத்திகளை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள் என்றும் சொல்ல வேண்டும். அதை அவர் சொல்லும்போது குரலில் கொக்கரிப்பு இருக்காது, வரவழைத்த சோகமும் இருக்காது. ஒருவரை அவமானப்படுத்தாமல் தோற்றுவிட்டாய் என்று சொல்லிப் பாருங்கள், தெரியும்.

"அவர் செஃப்பே இல்லையே!" சரி, இல்லை. 1999லேயே சமையல் புத்தகம் போட்டவர். சென்னையில் பிறந்து, பாட்டி சமையல் சாப்பிட்டுப் பழகிய நாக்கு. சமைப்பது வேறு, நடத்துவது வேறு. அமெரிக்காவில் வளர்ந்தவரை நம்மூர்ப் பெண் என்று ஏன் கொண்டாட வேண்டும் என்பவர்கள், கொண்டாட வேண்டாம். அவ்வளவுதான்.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. "கையில இவ்வளவு பெரிய தழும்ப வச்சுக்கிட்டு ஸ்லீவ்லெஸ் எதுக்கு?" என்று ஒரு அக்கா எழுதியிருந்தார். அது 14 வயதில் கார் விபத்தில் வலது கை நொறுங்கி, அறுவை சிகிச்சை செய்த தழும்பு. அதை மறைக்காமல்தான் கேமரா முன்னால் நின்றார்.

எனக்கும் இருக்கிறது ஒன்று, கொதிக்கிற எண்ணெய் கொட்டியது. என்னைப் பெண் பார்க்க வந்த அன்று, "முழுக்கை போட்டுக்கோடி, இப்பவே எதுக்கு அதக் காட்டணும்?" என்றார் அத்தை. அக்கறைதான், தெரியும். சித்திரை வெயிலில் முழுக்கை ரவிக்கையோடு காபித் தட்டைத் தூக்கிக்கொண்டு போனேன். துணிக்குள்ளே தழும்பு அரித்தது. சொறியக்கூட முடியாமல் எல்லோர் முன்னாலும் உட்கார்ந்திருந்தேன். அதே மாதிரி ஒரு கையோடு இன்னொரு பெண் ஊரே பார்க்கிற டிவியில் நிமிர்ந்து நின்றதைப் பார்த்தபோது எனக்கு எப்படி இருந்திருக்கும்?

அந்த அக்காவை நான் நட்பிலிருந்து நீக்கவில்லை. இதைப் படிப்பார். தழும்பு இருக்கிறவள் எதைப் போட வேண்டும் என்று சொல்ல அவர் யார்? அதற்கு மட்டும் பதில் சொல்லட்டும்.