சிறகு இருந்தால் பசி தீருமா?

சனிக்கிழமை பள்ளி மண்டபத்தில் நடந்ததைப் பலர் நேரில் பார்த்தீர்கள். பார்க்காதவர்களுக்குப் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் காணொளி வந்திருக்கும். கடல் சூடாகி மீன் கிடைக்காமல் செத்த கடற்பறவைகளைப் பற்றி ஒரு மாணவி மேடையில் பேசிக்கொண்டிருந்தாள், இடையில் ஒரு ஐயா குறுக்கிட்டார். அவர் பெயரை எழுதப்போவதில்லை. ஆனால் "பறவைக்குத்தான் சிறகு இருக்கே, வேற எடத்துக்குப் பறந்து போய் மீன் பிடிச்சுக்கட்டும்" என்று அவர் மைக்கில் சொன்னதும் மண்டபமே சிரித்ததே, அந்தச் சிரிப்பு மூன்று நாளாக என்னைத் தூங்க விடவில்லை. ஆறாம் ஆண்டுப் பிள்ளை அவள். இரண்டு மாதம் என் டியூஷன் அறையில் உட்கார்ந்து தயார் செய்தாள். கையிலிருந்த அட்டையை மடக்கிக்கொண்டே மேடையிலிருந்து இறங்கினாள்.

அவளை முடிக்க விடவில்லை. அதனால் நான் சொல்கிறேன்.

காமன் மர் என்று ஒரு கடற்பறவை. எடை ஒரு கிலோ அளவுதான். தண்ணீருக்குள் சிறகடித்தபடியே நூறு மீட்டருக்கும் கீழே முங்கி மீன் பிடிக்கும். அந்த உழைப்புக்கு ஒரு நாளைக்குத் தன் எடையில் பாதியளவு மீன் வேண்டும். சில நாள் கிடைக்காவிட்டால் உயிர் போய்விடும். 2014 முதல் 2016 வரை கலிபோர்னியாவிலிருந்து அலாஸ்கா வரை கடல் சூடேறிக் கிடந்தது. அந்தச் சூட்டில் மிதவை உயிரிகள் சிறுத்தன, அவற்றைத் தின்னும் சின்ன மீன்களில் கொழுப்பு குறைந்தது. தண்ணீர் சூடானால் பெரிய மீன்களுக்கும் தீனி அதிகம் தேவைப்படும். பறவை தேடிய அதே சின்ன மீன்களை அவையும் தின்றன. பறவைகள் பறந்து போகாமலா இருந்திருக்கும்? போன இடமெல்லாம் அதே சூடு. கரையில் ஒதுங்கிய உடல்கள் மட்டும் சுமார் 62,000. பிறகு மர் பறவைகள் கூட்டமாகக் கூடும் பாறைகளில் எண்ணிப் பார்த்தபோது, அலாஸ்காவில் ஏறக்குறைய 40 லட்சம் பறவைகளைக் காணவில்லை. அங்கிருந்ததில் பாதி.

சிறகு இருந்தது ஐயா. மீன்தான் இல்லை.

இந்த மீன் இல்லாவிட்டால் வேறு மீன் தின்னட்டும் என்பீர்கள். 2012இல் அமெரிக்காவின் மேய்ன் கடற்கரைத் தீவுகளில் பஃபின் என்ற கடற்பறவைகள் அதைத்தான் செய்தன. வழக்கமான மீன் கிடைக்காமல் பட்டர்ஃபிஷ் என்ற அகலமான மீனைக் குஞ்சுக்குக் கொண்டுவந்தன. குஞ்சின் தொண்டைக்குள் அது நுழையவில்லை. பக்கத்திலேயே மீன் கிடக்க, குஞ்சுகள் பட்டினியில் செத்தன.

கடல் சூடு ஏறும் இறங்கும், சில வருடங்களுக்கு ஒருமுறை பசிபிக் கடலைச் சூடாக்கும் எல் நினோ எப்போதும் உண்டு என்று ஒருவர் பின்னூட்டம் போட்டிருந்தார். சரி, உண்டு. ஆனால் கடல் ஆறிப் பல வருடம் கழித்தும் அந்த மர் பறவைகளின் எண்ணிக்கை திரும்பவில்லை.

'தோட்டத்துப் பிள்ளைக்கு எதுக்கு அலாஸ்கா பறவை?' என்று கேட்கிறார்களே, அந்தக் கேள்விதான் என்னைக் குத்துகிறது. இதை அவளுக்கு எப்படிப் புரிய வைத்தேன் தெரியுமா? என் அப்பா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவிப் பால் எடுத்தவர். இலை உதிரும் மாதங்களில் விடியுமுன் எழுந்து அதே மரவரிசைக்குப் போவார், அதே மரங்களை வெட்டுவார். நடை குறையாது, முதுகுவலி குறையாது, வாளியில் பால் மட்டும் குறையும். இதைச் சொன்னதும், "அப்போ எங்க தாத்தா வெட்டுனதும் அந்தப் பறவை முங்குறதும் ஒண்ணுதானா டீச்சர்?" என்று கேட்டாள். மலேசியாவின் பத்தாங் பெர்ஜுந்தையில் (இப்போது பெஸ்தாரி ஜெயா) வளரும் பிள்ளைக்கு இது புரியாது என்று யார் முடிவு செய்தது?

அப்புறம் இன்னொன்று. எழுதவேண்டாம் என்றுதான் நினைத்தேன். தோட்டம் கைமாறிய வருடம் எங்களைத் தோட்டத்து வீடான லயத்தைக் காலி செய்யச் சொன்னபோது, கூட்டத்தில் ஒருவர் எழுந்து, "கைகால் இருக்கே, வெளிய போய் எங்கயாவது பொழச்சுக்குங்க" என்றார். அப்பாவுக்கு அப்போது 53 வயது. அவருக்குத் தெரிந்தது பால்வெட்டு ஒன்றுதான். போனோம். டவுனில் ஒரு சாப்பாட்டுக் கடையின் பின்கட்டில் அப்பா பாத்திரம் கழுவினார். கைகால் இருந்தது. இரண்டே வருடத்தில் ஆள் பாதியாகிவிட்டார். சனிக்கிழமை மைக்கில் கேட்டதும் என் காதில் அதே குரலாகத்தான் விழுந்தது. பறவையை விட்டு எங்கேயோ போய்விட்டேன் என்று சொல்வீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

அந்த அட்டையை நேற்று அவளிடமிருந்து வாங்கி, டியூஷன் அறைச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். மடித்த கோடு இன்னும் தெரிகிறது. ஐயா ஒரு நாள் மாலை வரட்டும். அவளே விளக்குவாள். பத்து நிமிடம்தான் ஆகும், முழுவதும் கேட்கவேண்டும்.