25 வயசோட மூளை வளர்ச்சி முடிஞ்சிடுதா?
25 வயசுக்கு மேல மூளைக்கு இறங்குமுகம்தான்னு கட்டுரைல போட்டிருக்கறத என்னால ஒத்துக்க முடியல. 1956ல வார்னர் ஷாய்ங்கற உளவியலாளர் அமெரிக்காவோட சியாட்டில் நகரத்துல ஆரம்பிச்ச, வயசாக ஆக அறிவுத்திறன் எப்படி மாறுதுன்னு பாக்கற ஆய்வுல 7 வருஷத்துக்கு ஒரு தடவை அதே ஆளுங்களையே திரும்பத் திரும்ப டெஸ்ட் பண்ணாங்க, மூளையோட வேகம் முதல்ல குறையுது உண்மைதான், ஆனா சொல்வளம் நடு வயசு தாண்டியும் நல்லாவே நிக்குது. அப்படி இல்லாம இளசுங்களையும் பெரியவங்களையும் ஒரே நாள்ல ஒப்பிட்டா தலைமுறையோட படிப்பு வித்தியாசமும் வயசுக் கணக்குல ஏறிடும், இதத்தான் நிறைய பேரு கவனிக்கறதில்ல. எங்கம்மா 64 வயசுல போன்ல தமிழ் டைப் பண்ண கத்துக்கிட்டாங்க, ‘ழ’வ தேடி விரல் அப்படியே அந்தரத்துல நிக்கும், ஆனா குறுக்கெழுத்துல நான் பத்து நிமிஷமா முழிச்சிட்டிருக்கற கட்டத்த பாத்தவுடனே சொல்லிடுவாங்க. கீழ கமெண்ட்ல ஒருத்தர் அம்பது வயசுக்கு மேல புதுசா எதுவும் மண்டைல ஏறாதுன்னு எழுதியிருக்காரு, தயவுசெஞ்சு வீட்டுப் பெரியவங்ககிட்ட அப்படி சொல்லிடாதீங்க, அதை நம்பி முயற்சியையே விட்டுடுவாங்க.