காரை வந்து பாக்காமலே லாஸ்ட் பிரைஸ் கேக்கிறாங்கள்

வேகன்ஆர் ஒண்டு விக்கப் போட்டிருக்கிறன், போன் எடுக்கிற ஆக்கள் ஹலோ சொல்ல முதலே "அண்ணா லாஸ்ட் எவ்வளவு?" எண்டுறாங்கள், முதல்ல வந்து காரைப் பாருங்கோவன்! 2020 மார்ச்சில இலங்கையில வாகன இறக்குமதியை நிப்பாட்டினாப் பிறகு பழைய காருக்கே அடிபட்ட சனம், 2025 பெப்ரவரியில திறந்துவிட்டவுடன "இப்ப புதுசே வருது அண்ணா" எண்டு அடிமாட்டு விலைக்குக் கேக்குது. புதுசுக்கு எவ்வளவு வரி எண்டு தெரியாதோ? வெள்ளவத்தைக்கு வந்த புரோக்கர் ஒராள் பம்பரை நகத்தால சுரண்டி, பொனட்டைத் தட்டித் தட்டி, "பெயின்ற் அடிச்சிருக்கு" எண்டு ரெண்டு லட்சம் குறைக்கப் பாத்தார். சேர்விஸ் ரெக்கோட், ஹைபிரிட் பற்றரி ஸ்கான் ரிப்போட் எல்லாம் கையில குடுத்தன், திறந்துகூடப் பாக்கேல்ல. சரியான விசர் வருது. ரிப்போட்டைப் பாத்திட்டு விலை கதைக்கிற ஆளுக்குத்தான் குடுப்பன், அதுவரைக்கும் கார் வீட்டிலயே நிக்கட்டும்.