அந்த வீடியோவுக்குக் கீழே ஒரு அம்மா எழுதியது

இரண்டு நாளாக எல்லா குரூப்பிலும் சுற்றுகிற அந்த வீடியோவைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். "பச்சைக் குழந்தைக்கு ஸ்டீராய்டா? விஷம், இன்றைக்கே நிறுத்துங்கள்" என்று அதில் ஒருவர் பேசியதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். அதற்குக் கீழே ஒரு அம்மா, "மூணு வாரமா குடுத்துட்டு இருந்தேன், இன்னையோட நிறுத்திட்டேன் அண்ணா" என்று எழுதியிருக்கிறார். அதைப் படித்ததிலிருந்து தூக்கம் இல்லை.

வெஸ்ட் சிண்ட்ரோம் என்பது கைக்குழந்தைகளுக்கு வருகிற ஒரு வலிப்பு நோய். அது வந்த குழந்தைக்கு ஸ்டீராய்டு விஷம் இல்லை. அதுதான் மருந்து.

என் மகனுக்கு ஆறாவது மாதம் தொடங்கியது. தூங்கி எழுந்ததும் தலை குனிந்து, இரண்டு கையும் விரிந்து ஒரு உதறல், சில நொடி விட்டு மறுபடியும். கும்பிடு போடுவது போல இருக்கும். உரம் விழுந்திருக்கிறது என்றார்கள், உரம் எடுக்கத் தூக்கிக்கொண்டு போனோம். முதலில் பார்த்த டாக்டர் வாயு என்றார். அப்புறம் வலிப்பு என்று தெரிந்து ஒரு மருந்து கொடுத்தார்கள், கேட்கவில்லை. இரண்டாவது, அதுவும் கேட்கவில்லை. அதற்குள் என் பையன் சிரிப்பதையே விட்டுவிட்டான். என் குரலுக்குத் திரும்பியவன் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். ஏழு வாரம். மூளையின் மின் அலைகளைக் காட்டுகிற இ.இ.ஜி. பரிசோதனையைப் பார்த்த குழந்தைகள் நரம்பியல் டாக்டர் அன்றைக்கே பிரட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டை எழுதினார். பதினோராம் நாள் காலை எழுந்தான், உதறல் வரவில்லை. வரும் வரும் என்று மத்தியானம் வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். வரவில்லை.

இந்த நோய்க்குப் பெயர் தந்த டாக்டர் வெஸ்ட்டும் ஒரு அப்பாதான். 1841-ல் தன் சொந்த மகனுக்கு வந்ததை லான்செட் மருத்துவ இதழுக்குக் கடிதமாக எழுதினார். அட்டை விட்டுப் பார்த்தார், பேதி மருந்து கொடுத்துப் பார்த்தார், எதுவும் உதவவில்லை. அவர் மகனுக்குக் கிடைக்காதது என் மகனுக்குக் கிடைத்தது. 1958-லேயே, உடம்பையே ஸ்டீராய்டு சுரக்க வைக்கிற ஏ.சி.டி.எச். ஊசிக்கு இது அடங்குகிறது என்று எழுதிவிட்டார்கள். 2004-ல் வந்த பிரிட்டன் ஆய்வில், அந்த வகை ஊசியோ பிரட்னிசோலோன் மாத்திரையோ பெற்ற 55 குழந்தைகளில் 40 பேருக்கு இரண்டு வாரத்தில் வலிப்பு நின்றிருந்தது. விகாபாட்ரின் என்ற, ஸ்டீராய்டு அல்லாத வலிப்பு மருந்து கொடுத்த 52 பேரில் 28 பேருக்கு.

எல்லா வலிப்புக்கும் ஸ்டீராய்டா என்று கேட்பீர்கள். இல்லை, நான் அப்படிச் சொல்லவே இல்லை. எல்லாக் குழந்தைக்கும் நிற்குமா? நிற்காது, நின்றது திரும்பியும் வரலாம். மருந்து கம்பெனிக்காகப் பேசுகிறேன் என்று ஒருவர் இன்பாக்ஸில் வந்தார். பிரட்னிசோலோன் மலிவான பழைய மாத்திரை ஐயா, அதை வைத்து யார் கோடி சம்பாதிக்கப் போகிறார்கள்?

பக்கவிளைவு இருக்கிறது. ராத்திரி முழுக்க அழுதான், பசி அடங்கவில்லை, பி.பி. ஏறியது. வாராவாரம் பி.பி.யும் சர்க்கரையும் பார்த்தார்கள். ஒன்பதாம் மாதத் தட்டம்மை ஊசியைத் தள்ளிப் போட்டார்கள், ஏனென்றால் அது உயிருள்ள கிருமித் தடுப்பூசி. இவ்வளவும் தெரிந்துதான் கொடுத்தோம். முகம் வீங்கி நிலா மாதிரி ஆனபோது, ஒரு கல்யாண வீட்டில் அத்தனை பேர் முன்னால் "பெத்தவளே மருந்தக் குடுத்து ஊத வச்சிட்டா" என்றார்கள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு சாப்பிடாமல் வெளியே வந்துவிட்டேன். அன்றைக்கு அவன் வலிப்பு நின்று இருபது நாள் ஆகியிருந்தது, அதை ஒருவரும் கேட்கவில்லை. வீடியோவில் பேசியவரும் கேட்க மாட்டார். நிறுத்தச் சொல்வது ஒரு நிமிஷம். அதற்கப்புறம் வருகிற ராத்திரிகளில் அந்த வீட்டில் யார் இருப்பது?

அந்தத் தங்கச்சி இதைப் பார்த்தால், பார்த்தவர்கள் யாராவது அவருக்கு அனுப்பினால்: மூன்று வாரம் கொடுத்ததைச் சட்டென்று நிறுத்தக்கூடாதும்மா, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும். உடம்பு தானாகச் சுரக்கிற ஸ்டீராய்டு இப்போது குறைந்திருக்கும், இந்த நேரத்தில் காய்ச்சலோ வாந்தியோ வந்தால் குழந்தை தாங்காமல் போகலாம். இப்போதே உங்கள் டாக்டருக்குப் போன் போடுங்கள். எடுக்கவில்லை என்றால் விடியட்டும் என்று இருக்காதீர்கள், மருந்துச் சீட்டைக் கையில் எடுத்துக்கொண்டு நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.